எழுந்து நின்றவன்

அந்த மாதங்களில் என் தம்பி சிலம்பரசனைப் பற்றிப் பேச்செடுத்தாலே எல்லோரும், "மிஷனரியா வெளிநாடு போறானாமே, குடுத்து வெச்ச குடும்பம்" என்பார்கள். சொல்லும்போது முகத்தில் ஒரு பூரிப்பு வேறு. எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இன்னும் ஒருத்தர் அப்படிச் சொன்னால் கையிலிருக்கும் கத்திரிக்கோலை விட்டெறிந்துவிடுவேன் என்று என் வீட்டுக்காரர் வடிவேலிடம் சொல்லி வைத்திருந்தேன். அவர் ஆட்டோ ஓட்டுகிறவர், நாலு பேரிடம் பேச்சு வாங்கிப் பழகியவர். "உனக்கு வாய் நீளம், அவனுக்கு வாயே இல்ல. உங்கம்மா ரெண்டு பேருக்கும் சமமாப் பங்கு போட்டிருக்கலாம்" என்று சிரிப்பார். சிரிப்புக்குச் சொன்னாலும் அதுதான் நிஜம்.

சிலம்பரசனுக்கு வாய் கிடையாது. பஸ்ஸில் அவன் இறங்கவேண்டிய இடம் வந்தால் "எறங்கணும்" என்று குரல் கொடுக்கக் கூச்சப்பட்டுக்கொண்டு, வேறு யாராவது இறங்குகிற இடத்தில் இறங்கி நடந்து வருவான். ஓட்டலில் சாம்பார் கேட்கமாட்டான். ஊற்றினால் சாப்பிடுவான், ஊற்றாவிட்டால் வெறும் இட்லியை விழுங்கிவிட்டு எழுந்துவிடுவான். எங்கள் அப்பா ராஜவேல் மில்லில் வேலை பார்த்தவர். மில்லை மூடிய பிறகு வாட்ச்மேன், பெயிண்டர், கல்யாண மண்டபத்தில் பந்தி பரிமாறுவது என்று ஏதேதோ செய்து பார்த்துவிட்டு ஒரு நாள் நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தார். அம்மா அஞ்சலாட்சி பாண்டிச்சேரி முதலியார்பேட்டையிலேயே இருந்து, நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்து அவனைப் பன்னிரண்டாவது வரை படிக்கவைத்தாள். நான் அதற்குள் கல்யாணமாகித் தவளக்குப்பம் வந்துவிட்டேன். ஜங்ஷன் பக்கத்தில் பிளவுஸ் தைக்கிற கடை வைத்திருக்கிறேன்.

அப்பா போன துக்கத்தில் அம்மாவைச் சபைக்கு அழைத்துப் போனது பக்கத்து வீட்டு சின்னப்பாப்பா. தட்டாஞ்சாவடி இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில், முன்பு லேத்துப் பட்டறையாக இருந்த ஒரு ஷெட்டில் அந்தச் சபை நடக்கிறது. தரையில் இன்னும் கிரீஸ் கறை போகவில்லை. அம்மாவுக்கு அங்கே வாய்விட்டு அழ ஓர் இடம் கிடைத்தது. நான் அதைக் குறை சொல்லவில்லை. எனக்குத் திரௌபதி அம்மன், அம்மாவுக்கு இயேசு. இதில் சண்டை போட என்ன இருக்கிறது? தம்பி அம்மாவுக்குத் துணையாகப் போவான், பாட்டுக்குக் கை தட்டுவான், வருவான். அவ்வளவுதான் அவனுடைய பக்தி.

அதே எஸ்டேட்டில் பிளாஸ்டிக் பக்கெட் செய்கிற கம்பெனியில்தான் அவனுக்கு வேலை. பேக்கிங்கில் கார்குழலி என்று ஒரு பெண். வாயில்லாத இவன் அவளிடம் எப்படிப் பேசினான், எப்போது பேசினான் என்று எனக்கு இன்றுவரை ஆச்சரியம். அவளே பேசியிருப்பாள். கெட்டிக்காரி. ஒரு நாள் அவளைக் கடைக்குக் கூட்டிவந்து, "அக்கா, இவங்களுக்கு ஒரு பிளவுஸ் தைக்கணுமாம்" என்றான். துணியே கொண்டுவரவில்லை. எனக்கு வந்த சிரிப்பில் ஊசி கையில் குத்திவிட்டது.

அப்போதுதான் அம்மாவுக்குக் கழுத்தில் ஒரு கட்டி. முதலில் நெறி கட்டியிருக்கிறது என்று மஞ்சள் பற்று போட்டாள். அது கரையவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் ஊசி குத்திச் சதை எடுத்தார்கள். ரிசல்ட் வரட்டும் என்று அனுப்பிவிட்டார்கள். அம்மா சாப்பிடவில்லை, தூங்கவில்லை. எங்களைப் பார்க்கிறபோதெல்லாம் கடைசியாகப் பார்ப்பது போலவே பார்த்தாள். அந்த வாரம்தான் சபையில் உபவாசக் கூட்டம். தெற்கேயிருந்து ஒரு பிரசங்கியார் வந்திருந்தார்.

நான் அங்கே இல்லை. நடந்ததைத் தம்பி என்னிடம் சொன்னான். கடைசி நாள் மத்தியானம், ஆஸ்பெஸ்டாஸ் கூரை அடுப்பாகக் கொதிக்கிறது. ஆம்பளைகள் ஒரு பக்கம், பொம்பளைகள் ஒரு பக்கம், பாயில் உட்கார்ந்திருக்கிறார்கள். பிரசங்கியார் எல்லோரையும் கண்ணை மூடச் சொல்லிவிட்டு, "கர்த்தரை அறியாத தேசங்களுக்குப் போக யார் ஆயத்தம்? தன்னைக் கொடுக்கிறவன் எழுந்து நில்!" என்று முழங்குகிறார். அந்த நேரம் பார்த்துத் தம்பியின் பேன்ட் பாக்கெட்டில் போன் துடிக்கிறது. கார்குழலி. அன்றைக்குத்தான் அவள் தன் அப்பாவிடம் இவனைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போன் செய்கிறேன் என்றிருந்தாள். எல்லோரும் கண்ணை மூடியிருக்கிறார்களே, நைசாக வெளியே போய் எடுத்துவிடலாம் என்று இவன் எழுந்திருக்கிறான்.

கால் மரத்துப்போயிருந்ததால் ஓரடி வைக்க முடியாமல் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். பொம்பளைகள் பக்கத்திலிருந்து யாரோ "ஸ்தோத்திரம்!" என்று கத்த, பிரசங்கியார் கண்ணைத் திறந்து, "வாலிபனே!" என்று இறங்கி வந்துவிட்டார். தலையில் கை வைத்தார்கள், தோளைப் பிடித்துக்கொண்டார்கள், அழுதார்கள். பாக்கெட்டுக்குள் போன் விடாமல் துடிக்க, அதை அமுக்கிப் பிடித்த இவனுடைய கையும் நடுங்க, ஆவி இறங்கிவிட்டது என்று மேலும் நாலு பேர் அழுதார்கள்.

"ஏன்டா, போன் வந்துச்சு, அதான் எழுந்தேன்னு சொல்ல வாயில இன்னா கொழுக்கட்டையா?" என்று கேட்டேன்.

"எல்லாரும் அழுவுறாங்கக்கா. அந்த நேரத்துல எப்பிடிச் சொல்றது?"

"மறுநாள் சொல்றதுதான?"

மறுநாள் சொல்வதற்கும் வழி இல்லாமல் போயிருந்தது. அவன் நின்ற கையோடு அம்மா எழுந்து மேடைக்குப் போய் பொருத்தனை செய்துவிட்டாள். நம் பக்கம் வேண்டுதல் என்போமே, அதை அவர்கள் அப்படிச் சொல்வார்கள். "இவன உனக்குக் குடுத்துட்டேன் ஆண்டவரே, என்ன உட்டுடு" என்று மைக்கிலேயே சொல்லியிருக்கிறாள். நாலு நாள் கழித்து ரிசல்ட் வந்தது. கேன்சர் இல்லை, சாதாரணக் கட்டிதான்.

அதோடு முடிந்தது கதை. அம்மாவைப் பொறுத்தவரை கணக்கு நேர்: மகனைக் கொடுத்தாள், உயிரை வாங்கினாள். "எம்மா, சதைய எடுத்து அவங்க டப்பாவுல போட்டது கூட்டத்துக்கு முன்னாடி. டப்பாவுக்குள்ள இருக்கிறத யாரு மாத்துனது?" என்று கேட்டேன். "அவரால முடியாதது ஒண்ணும் இல்லடி" என்றாள். என்னத்தைச் சொல்வது? நேந்துவிட்ட ஆட்டை யாரும் திரும்ப ஓட்டிவருவதில்லை. அதை வேறு யாருக்கும் விற்கவும் முடியாது. ஊரே அதற்குத் தழை போடும், தடவிக் கொடுக்கும். அப்படித்தான் தம்பியை எல்லோரும் தடவிக் கொடுத்தார்கள்.

வேலையை விட்டான். லாஸ்பேட்டையில் ஒரு மாடி வீட்டில் பயிற்சி. தெற்கத்திப் பையன்கள் சிலரும் இவனும். இவனுக்கு ஒதுக்கிய நாடு மடகாஸ்கர். ஏன் மடகாஸ்கர் என்கிறீர்கள்? அங்கே பிரெஞ்சு பேசுவார்களாம், இவன் பாண்டிச்சேரிக்காரனாம், அதனால் பிரெஞ்சு தெரிந்திருக்குமாம்! தெற்கே இருக்கிற தலைமைச் சபையில் கூடி உட்கார்ந்து இப்படி முடிவெடுத்திருக்கிறார்கள். எங்கள் தெருவில் பிரெஞ்சுப் பட்டாளத்துப் பென்ஷன் வாங்குகிற ஒரு சொல்தா வீடு கூடக் கிடையாது. தெருப் பலகையில் 'ரூ' என்று போட்டிருந்தால் தெரு என்று அர்த்தம், அதுதான் இவனுக்குத் தெரிந்த பிரெஞ்சு. "அதையாவது சொல்லியிருக்கலாம் இல்லடா?" என்றேன். "கேக்கலியேக்கா" என்றான். வாரத்தில் இரண்டு நாள் ஒரு டீச்சர் வந்து சொல்லிக் கொடுத்தார். மூக்கால் பேசிப் பேசி இவனுக்குச் சளி பிடித்துக்கொண்டதுதான் மிச்சம்.

போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமை மட்டும் கொஞ்ச நேரம் கையில் கொடுப்பார்கள், சாயங்காலம் வீட்டுப் பக்கம் போய்வர விடுவார்கள். இருட்டோடு எழுந்து ஜெபம், பிறகு படிப்பு, பிறகு வேலை. ஒருத்தர் தலைக்கு ஒருத்தர் முடிவெட்டிப் பழகினார்கள். ஒரு ஞாயிறு அவன் வந்தபோது ஒரு காதுக்கு மேலே வழித்தும் மற்றக் காதுக்கு மேலே தொங்கியும் கிடந்தது. நானும் வடிவேலும் விழுந்து விழுந்து சிரித்தோம், அவனும் சிரித்தான். சாத்துக்குடிப் பழத்தில் ஊசி போடக் கற்றுக்கொண்டான். சைக்கிள் பஞ்சர் ஒட்டினான். மிளகாயே இல்லாமல் மரவள்ளிக் கிழங்கையும் கீரையையும் வேகவைத்துத் தின்னப் பழக்கினார்கள். இங்கே வந்தால் என் மீன் குழம்பை அப்படிச் சாப்பிடுவான், கண்ணில் தண்ணீர் ஊற்றும். காரம் என்பான். காரம் மட்டும்தானா என்று நான் கேட்கவில்லை.

எல்லாவற்றையும்விட அவனை வதைத்தது பிரசங்கப் பயிற்சிதான். பிளாஸ்டிக் நாற்காலிகளை வரிசையாகப் போட்டுவிட்டு, அவற்றுக்கு முன்னால் நின்று மணிக்கணக்கில் சத்தமாகப் பேசவேண்டும். சாம்பார் கேட்கக் கூச்சப்படுகிறவன் காலி நாற்காலிகளைப் பார்த்து "அன்பானவர்களே!" என்று கத்தினால் எப்படி இருக்கும்? அதுகூடப் போகட்டும். ஒவ்வொரு ஞாயிறும் ஒரு சபைக்குக் கூட்டிப்போய்ச் சாட்சி சொல்லவைத்தார்கள். தேவன் தன்னை எப்படி அழைத்தார் என்று சொல்வதுதான் சாட்சி. வில்லியனூர், பாகூர், திருக்கனூர் என்று ஊர் ஊராக நின்று, அந்த மத்தியானம் தான் எழுந்து நின்றதைச் சொன்னான்.

"இன்னாடா சொல்ற அங்கெல்லாம்?" என்று கேட்டேன்.

"எழுந்து நின்னேன்னு சொல்றேன். கை நடுங்குச்சின்னு சொல்றேன். பொய் எதும் சொல்லலக்கா."

"போன்?"

"அத யாரும் கேக்கல."

இந்தப் பயிற்சியில் ஒரு விதி உண்டு. முதல் ஐந்து வருஷம் திரும்பி வரக்கூடாது. வீட்டில் கல்யாணமோ சாவோ, எதுவானாலும் கூப்பிடக்கூடாது. அங்கே இவனுக்கு ஏதாவது ஆனாலும் அங்கேயே அடக்கம். அனுப்புகிற ஆராதனையில் பெற்றவளையும் கூடப் பிறந்தவர்களையும் சபைக்கு முன்னால் நிறுத்தி, "அனுப்புறீங்களா, திரும்பக் கூப்பிடாம இருப்பீங்களா?" என்று கேட்பார்கள். அவர்கள் வாயால் "அனுப்புறோம்" என்று சொல்லவேண்டும். சொன்ன பிறகுதான் டிக்கெட்.

நடுவில் ஒரு தடவை அவன் வெளியே வரத்தான் பார்த்தான். ஒரு ஞாயிறு, இன்றைக்கு அம்மாவிடம் சொல்லிவிடுகிறேன் என்று எனக்குப் போன் செய்துவிட்டு முதலியார்பேட்டை போனான். வாசலில் செருப்பைக் கழற்றும்போதே அம்மா அவன் முகத்தைப் பார்த்திருக்கிறாள். "தொண்ட அடைக்கிதுப்பா. கட்டி மறுபடி வருதோ என்னமோ" என்று கழுத்தைத் தொட்டுக் காட்டியிருக்கிறாள். தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. அவள் நடிக்கவும் இல்லை, நிஜமாகவே சோறு இறங்கவில்லை. இவன் பக்கத்தில் உட்கார்ந்து கழுத்தைத் தடவிக் கொடுத்துவிட்டு, லாஸ்பேட்டைக்கே திரும்பிவிட்டான். மறுநாள் அம்மா நன்றாகச் சாப்பிட்டாள்.

அடுத்த வாரம் கார்குழலி என் கடைக்கு வந்தாள். இந்தத் தடவை துணி கொண்டுவந்திருந்தாள், சிவப்புப் பட்டு. எனக்குப் புரிந்துவிட்டது.

"எங்கப்பா மொதல்ல சரின்னுதான்கா சொன்னாரு. இப்ப அவர நேந்துவுட்டுட்டாங்களாமே, அந்தப் பேச்சே வேணாம்னுட்டாரு. தட்டு மாத்த நாள் பாக்கறாங்க" என்றாள். "அவரு வருவாரா மாட்டாரா, ஒரு வார்த்த கேட்டுச் சொல்லுங்கக்கா. வருவாருன்னா நான் வீட்ல எதனா சண்ட போட்டு நிறுத்திடுவேன்."

அளவெடுக்கும்போது அவள் தோள் குலுங்கியது. நான் டேப்பைக் கீழே போட்டேன். "நீ பொறு, நான் பாத்துக்கிறேன்" என்றேன். பெரிய மனுஷி மாதிரி சொல்லிவிட்டேன். எனக்கு என்ன செய்வதென்றே தெரியவில்லை.

அந்தச் சமயம் பயிற்சியில் அவனைத் தேங்காய்த்திட்டுத் துறைமுகத்துக்கு அனுப்பியிருந்தார்கள். முன்பின் தெரியாதவர்கள் நடுவில் உடம்பு நோக உழைத்துப் பழகவேண்டுமாம். விடிந்ததும் விடியாததுமாக நானும் பக்கத்துக் கடை பாக்கியலட்சுமியும் ஏலத்தில் ஒரு கூடை சங்கரா மீன் வாங்கிப் பங்கு பிரித்துக்கொள்வதற்காகப் போனோம். ஏலம் கூவுகிற சத்தத்துக்கு நடுவே, முட்டிவரை பேன்ட்டை மடித்துவிட்டுக்கொண்டு ஐஸ் பெட்டி இழுத்துக்கொண்டிருந்தான். பார்த்தால் ஆள் தேறியிருந்தான். இரண்டு பேர் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார்கள், அவனும் பதிலுக்குக் கத்தினான். எனக்கு அதிசயமாக இருந்தது.

"இங்க நல்லாருக்குதுக்கா. யாரும் சாட்சி கேக்கல" என்றான்.

ஓரமாக இழுத்துவந்து கார்குழலி வந்த விஷயத்தைச் சொன்னேன். பெட்டியிலிருந்து அவன் கையோடு எடுத்துவந்த ஐஸ் கட்டி உருகிச் சொட்டிக்கொண்டே இருந்தது. கீழே போடவும் இல்லை அவன்.

"தட்ட மாத்திக்கச் சொல்லுக்கா" என்றான்.

"அறஞ்சிடுவேன் உன்ன. நீ போவ இஷ்டப்பட்டுத்தான் போறியா? அத மட்டும் சொல்லு."

"அம்மா நல்லா சாப்பிடுதில்ல?"

"நான் கேட்டது அதில்ல!"

ஐஸ் பெட்டிக்காரர் கூப்பிட்டார். அவன் போய்விட்டான். கூடை மீனைப் பங்கு போடும்போது பாக்கியலட்சுமி, "என்னடி, உன் பங்குல நெத்திலி வந்தாப்புல மூஞ்சி" என்றாள். அவளோடும் ஒரு பாட்டம் சண்டை போட்டேன்.

அந்தச் சூட்டோடு அம்மாவின் சபையை நடத்துகிற பாஸ்டர் தேவதாஸிடம் போனேன். மனதுக்குள் பேச்செல்லாம் கூர் தீட்டி வைத்துக்கொண்டுதான் போனேன். அந்த மனிதர் ஷெட்டில் ஒண்டியாகத் தரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் மாப்பை வைத்துவிட்டு நாற்காலி போட்டார். கத்துவதற்குத் தோதாக யாரும் நடந்துகொள்ளமாட்டேன் என்கிறார்களே!

"என் தம்பிய உட்டுடுங்க ஐயா. அவனுக்கு இதுல விருப்பம் இல்ல" என்றேன். போன் விஷயம் நாக்கு நுனிவரை வந்தது. அவன் சொல்லவேண்டியதை நான் சொல்லக்கூடாது என்று விழுங்கிவிட்டேன்.

"நான் அவனத் தனியாக் கூப்பிட்டு எத்தனையோ தரம் கேட்டுட்டேம்மா" என்றார். "முகத்துல சந்தோஷம் இல்லியேன்னு எனக்கே சந்தேகம். விருப்பமில்லாதவன அனுப்புறது பாவம். வேணாம்னு அவன் ஒரு வார்த்த சொல்லட்டும், நானே பைய தூக்கிக்கிட்டு வந்து வீட்ல உடுறேன். கேக்குறப்பெல்லாம் போறேன்னுதான் சொல்றான். நான் என்ன செய்யட்டும், சொல்லு."

நல்ல மனிதர். அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரமாக இருந்தது. யாராவது ஒரு அயோக்கியன் இருந்திருந்தால் அவன் சட்டையைப் பிடித்திருப்பேன். கதவு திறந்தேதான் கிடந்தது, யாரும் பூட்டவில்லை. உள்ளே இருக்கிறவன் வெளியே வரமாட்டேன் என்கிறான்.

அனுப்புகிற ஆராதனைக்கு நாள் குறித்துவிட்டார்கள். ஷெட் வாசலில் பேனர் வைத்தார்கள். அவன் வாழ்நாளில் கோட்டு போட்டதில்லை. யாருடைய கோட்டின் மீதோ இவன் தலையை ஒட்டி, பின்னால் உலக உருண்டை, மேலே ஒரு விமானம். எஸ்டேட்டுக்கு வேலைக்கு வருகிற அத்தனை பேரும் அதைப் பார்த்துக்கொண்டுதான் போகவேண்டும். கார்குழலியும்தான்.

அன்று காலை அம்மாவை அழைத்துவர முதலியார்பேட்டை போனேன். அம்மா குளித்து, வெள்ளைப் புடவை கட்டி, தலைக்கு எண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். நான் கதவைச் சாத்தினேன். இதற்கு மேல் பொறுத்தால் என் நெஞ்சு வெடித்துவிடும் என்று தோன்றியது.

"எம்மா, அன்னிக்கு அவன் ஊழியத்துக்குன்னு எழுந்து நிக்கல. போன் வந்துச்சு. அத எடுக்கத்தான் எழுந்தான். தெரிஞ்சிக்க."

அம்மா சீப்பைக் கீழே வைத்தாள். அழுவாள், சண்டைக்கு வருவாள், மயங்கி விழுவாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராக நின்றேன்.

"தெரியும்டி" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நான் கண்ண மூடல. சாவு பயத்துல எங்க கண்ண மூடுறது? அவனத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். கை பாக்கெட்டுக்குள்ள போச்சு, போன அமுக்குனான், எழுந்தான். எல்லாத்தயும் பாத்தேன். அப்புறந்தான் ஸ்தோத்திரம்னு கத்துனேன். கத்துனது நான்தான்."

"அடிப்பாவி" என்று பெற்றவளைச் சொன்னேன். வாய் அதுவாகச் சொல்லிவிட்டது.

"சொல்லு, நல்லாச் சொல்லு" என்றாள். "கடவுள்கிட்ட குடுக்க என்கிட்ட வேற இன்னாடி இருந்துச்சு? நகையா, நட்டா? அவன் ஒருத்தன்தான். அவன் நின்னான், நான் பிடிச்சிக்கிட்டேன். இப்ப நிறுத்தச் சொல்லிட்டு நான் எப்பிடிப் படுத்துத் தூங்குறது? கட்டி எப்ப வருமோன்னு தெனமும் தடவிக்கிட்டு இருக்கவா? எனக்குச் சாவப் பயமா இருக்குது பூவிழி. உங்கப்பா செத்தத நான் பக்கத்துல இருந்து பாத்தவ."

அவளை உலுக்கவேண்டும் போல இருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யாமல் ஆட்டோவைக் கூப்பிட்டேன். வழியெல்லாம் ஒரே முடிவுதான் என் மனதில். தம்பியிடம் சொல்லிவிடுவது. அம்மாவுக்குத் தெரியும், தெரிந்தே உன்னைத் தள்ளிவிட்டாள் என்று சொன்னால் போதும். அவனைக் கட்டிப் போட்டிருக்கிற கயிறே அதுதான். அறுந்துவிடும்.

ஷெட்டுக்குப் பின்னால் குழாயடியில் அவன் முகம் கழுவிக்கொண்டிருந்தான். புதுச் சட்டை, கழுத்தில் டை. டை நனையாமல் இருக்கத் தோளுக்குப் பின்னால் போட்டிருந்தான். உள்ளே கிட்டார் வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன்.

"தெரியும்க்கா" என்றான்.

அம்மாவும் மகனும் பேசி வைத்துக்கொண்டு என்னைப் பைத்தியம் ஆக்குகிறார்களா?

"எழுந்ததும் நான் மொதல்ல பாத்தது அம்மாவத்தான்" என்றான். "கண்ணத் தெறந்து என்னயே பாத்துக்கிட்டிருந்துச்சு. நான் எதுக்கு எழுந்தேன்னு அதுக்குத் தெரிஞ்சிடுச்சி. அது எனக்கும் தெரிஞ்சிடுச்சி. உடனே உக்காந்துடலாம்னுதான் பாத்தேன். அம்மா தலைய ஆட்டுச்சு, இப்பிடி..." வேண்டாம் என்பது போல இடமும் வலமுமாகக் கொஞ்சமே கொஞ்சம் அசைத்துக் காட்டினான். "உக்காராதன்னு. அப்புறந்தான் கத்துச்சு. காலு மரத்திருந்தது நெசந்தான். ஆனா உக்கார முடியாத அளவுக்கு இல்ல."

"இத ஏன்டா என்கிட்ட சொல்லல இத்தன நாளா?"

"சொன்னா நீ அம்மாவ உடுவியா?"

விட்டிருக்கமாட்டேன்தான்.

"உனக்குக் கோவமே வரலியா?"

"வராம? நாற்காலிங்க முன்னாடி பேசச் சொல்வாங்க இல்ல, அப்ப யாரும் இல்லன்னா அம்மாவத் திட்டுவேன். உன்ன மாதிரியே திட்டுவேன்கா, நல்லா வரும். தீந்ததும் மூச்சு வாங்கும். அப்புறம் யோசிப்பேன். நான் வந்துட்டேன்னு வையி. கார்குழலியோட குடும்பம் நடத்துறேன்னு வையி. எப்பவாவது அம்மாவுக்கு ஏதாவது ஆச்சுன்னா, அது கட்டியோ காய்ச்சலோ, என்னாலதான்னு நெனச்சிக்கிட்டே சாவும். அந்தப் பார்வைய நான் பக்கத்துல இருந்து பாக்கணும். என்னால ஆவாதுக்கா. மடகாஸ்கர்ல இருந்தா பாக்க வேணாம்."

"நான் போய் மைக்குல எல்லாத்தயும் சொல்லிடுவேன்டா. சத்தியமாச் சொல்லிடுவேன்."

"சொல்லு" என்றான். டையை இழுத்து முன்னால் போட்டுக்கொண்டான். "நீதான் சொல்லுவ. நாங்க ரெண்டு பேரும் சொல்லமாட்டோம்."

உள்ளே போனோம். ஷெட் நிரம்பி வழிந்தது. பாட்டு, ஜெபம், சாட்சி. எழுந்து நின்றதைச் சொன்னான், இந்தத் தடவை தடுமாறாமல், குரல் ஏற்றி இறக்கிச் சொன்னான். நன்றாகத்தான் பயிற்சி கொடுத்திருக்கிறார்கள். சின்னப்பாப்பா முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். பிறகு எங்கள் குடும்பத்தை முன்னால் கூப்பிட்டார்கள். வடிவேல் சவாரி என்று சொல்லித் தப்பித்துவிட்டார். நானும் அம்மாவும் மட்டும் நின்றோம்.

"அம்மா, உங்க மகன முழு மனசோட அனுப்புறீங்களா? நல்லது கெட்டது எதுக்கும் திரும்பக் கூப்பிடாம இருப்பீங்களா?" என்று பாஸ்டர் கேட்டார்.

அம்மா மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "அனுப்புறேன். நான் செத்தாலும் கூப்புடமாட்டேன்" என்றாள். செத்தாலும் என்ற இடத்தில் அவள் குரல் உள்ளே போய்விட்டது.

மைக் என் கைக்கு வந்தது. "சகோதரி, நீங்க?" பாஸ்டர் என் முகத்தையே பார்த்தார். நான் வேண்டாம் என்று சொல்லமாட்டேனா என்று அவரும் எதிர்பார்த்தாரோ என்னவோ. என் வாயில் எல்லாம் வரிசையாக இருந்தது. போன், பாக்கெட், கத்தினது யார், தலையை ஆட்டினது யார். ஐந்தே நிமிஷத்தில் சொல்லி முடித்துவிடலாம். சொன்னால் தம்பி பையைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுவான். சிவப்புப் பட்டுக்கு நான் இன்னும் கத்திரி போடவில்லை. அம்மாவும் வீட்டுக்கு வருவாள், இத்தனை பேர் முன்னால் மகனை விற்றவளாக, கழுத்தைத் தடவிக்கொண்டு.

அவர்கள் இருவரும் என்னைப் பார்க்கவில்லை. ஒருத்தராவது கெஞ்சுவது போல, மிரட்டுவது போலப் பார்த்திருந்தால் எனக்குச் சுருக்கென்று கோபம் வந்திருக்கும், கொட்டித் தீர்த்திருப்பேன். இரண்டு பேரும் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். எது வந்தாலும் சரி என்று நின்றார்கள்.

"அனுப்புறோம்" என்றேன்.

ஸ்பீக்கரில் வந்தது என் குரலேதான். ஷெட் முழுக்க ஸ்தோத்திரம் என்று எழுந்தது. கிட்டாரும் தாளமும் சேர்ந்துகொண்டன. ஆண்கள் ஓடிவந்து சிலம்பரசனை முழங்காலில் நிற்கவைத்து, சுற்றி நின்று தலையில் கை வைத்தார்கள். அத்தனை கைகளுக்கு அடியில் அவன் முகம் எனக்குத் தெரியவில்லை. தெரிந்துகொள்ளவேண்டும் என்று எட்டி எட்டிப் பார்த்தேன்.

அம்மா என் கையைப் பிடித்து இழுத்தாள். விரல்கள் ஜில்லென்று இருந்தன. பாட்டுச் சத்தத்தில் என் காதுக்குள் வாயை வைத்துக் கேட்டாள்.

"நான் பொழச்சிக்குவேன் இல்ல, பூவிழி?"

"பொழச்சிக்குவம்மா" என்றேன்.